எனக்குச் சுகம் வரவே இல்லை

நான் பொய் சொன்னேன். காதில் குத்திய ஊசியால் எனக்குச் சுகம் வந்தது என்றேன். வரவில்லை. அந்தப் பொய்யை நம்பி ஒருவன் ஆட்டிறைச்சி சாப்பிட்டான். இன்றைக்கு அவனால் தன் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாது.

இதுதான் விஷயம். மீதியெல்லாம் இது எப்படி நடந்தது என்பதுதான்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்தால் என் வாய் வேறு மாதிரி வேலை செய்கிறது...

எனக்கு ஊர் மன்னார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆக்லாந்துக்கு வந்து தலை நரைத்துவிட்டது. பென்ரோஸில் ஒரு வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வீடு ஹில்ஸ்பரோவில். நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. ஒரு கேள்விக்கு ஒரு சொல். அதுவும் கேட்டால்தான். சிலர் இதை நல்ல குணம் என்பார்கள். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இடையில் சில வருடங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போயிருந்தேன். நியூ சவுத் வேல்ஸ் வடக்குப் பக்கம், கடற்கரையை ஒட்டி ஒரு பழத்தோட்டம். தோட்டத்துக்குள் புகுந்துவரும் பற்றைக்காட்டை வெட்டித் துப்புரவாக்க வேண்டும். அன்ரனையும் நான்தான் கூட்டிப் போனேன். அவனும் மன்னார்தான். என்னைவிட இளையவன். கூடப் பிறக்கவில்லை. ஆனாலும் உன் தம்பி யார் என்று யாராவது கேட்டால் அவனைத்தான் காட்டியிருப்பேன்.

பற்றைக்குள் உண்ணி இருந்தது. கழுத்தில், கக்கத்தில், இடுப்பு மடிப்பில் ஏறிக் கடிக்கும். வேலை முடிந்ததும் அவன் முதுகை நான் பார்ப்பேன், என் முதுகை அவன் பார்ப்பான். ஊரில் நாய்க்கு எடுப்பது போல நகத்தால் பிடுங்கி எறிவோம்.

"அண்ணை, இது உங்களைக் கடிச்சு என்னத்தைக் கண்டது? வெறும் எலும்பு" என்று சிரிப்பான் அன்ரன்.

அது என்னத்தைக் கண்டதோ தெரியாது. நாங்கள் கண்டது வேறு.

ஆக்லாந்துக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிறு. மத்தியானம் ஆட்டிறைச்சியும் சோறும் சாப்பிட்டேன். பொழுதுபடும் நேரம் உடம்பு முழுக்கத் தடித்துச் சிவந்தது. வயிற்றைப் பிசைந்தது. உதடு வீங்கியது. சாப்பிட்டு அத்தனை மணித்தியாலம் கழித்து வந்ததால் சாப்பாட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புதுச் சோப்பு என்றார்கள். புல்லுப் பூ என்றார்கள். பிறகு அன்ரனுக்கும் வந்தது. அவனுக்கு என்னைவிட மோசம். மூச்சு அடைத்து அம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில்தான் இரத்தம் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். உண்ணிக் கடியால் வந்தது. அதன் எச்சில் உள்ளே போனதும் சிலருடைய உடம்பு நாலுகால் மிருகத்தின் இறைச்சியை விஷம் என்று நினைக்கத் தொடங்கிவிடுமாம். மாடு, ஆடு, பன்றி எதுவும் ஆகாது. கோழி, மீன் பரவாயில்லை. மருந்து இல்லை. திரும்பக் கடி வாங்காமல் இருந்தால் வருடம் போகப் போகக் குறையலாம், குறையாமலும் விடலாம். ஆளுக்கொரு அவசர ஊசி தந்தார்கள். மூச்சு முட்டினால் தொடையில் குத்த வேண்டும். எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்றார்கள்.

இறைச்சியை விட்டால் சரி. அவ்வளவுதானே? நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

எங்கள் ஆட்களின் வீட்டு விசேஷத்துக்கு வந்து பாருங்கள். திருமுழுக்கு, பிறந்தநாள், வீடு குடிபுகுதல், எது என்றாலும் நடுவில் ஆட்டிறைச்சிக்கறிச் சட்டி இருக்கும். அதைத் தொடாதவன் வந்ததாகவே கணக்கில் இல்லை. எனக்கும் அன்ரனுக்கும் தனியாக ஒரு மூலையில் கோழி வைத்து, மேலே ஈயத்தாள் மூடி, "இது அவையளுக்கு" என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள்.

எங்கள் செபக்கூட்டத்தை நடத்துகிற சவிரி அண்ணைக்கு நான் நல்ல பகிடி.

"மன்னாரில ஆடு இப்ப நிம்மதியா நித்திரை கொள்ளுமாம், தம்பி யோசேப்பு. நீ விட்டிட்டாய் எண்டு கேள்விப்பட்டு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். அன்ரன் மட்டும், "அது நித்திரை கொள்ளட்டும் அண்ணை, எங்கட பங்கை நீங்கள் சாப்பிட்டு இன்னும் கொழுக்காதேங்கோ" என்று திருப்பிக் கொடுப்பான். அவனுக்குச் சிரித்துக் கடக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்கு உள்ளே தங்கிவிடும்.

என் மனைவி புளோரா. என்னால் சாப்பிட முடியாததை அவளும் விட்டாள். நான் கேட்கவில்லை. இறைச்சி சமைக்கிற பெரிய சட்டியைக் கழுவித் துடைத்து அலுமாரிக்கு மேலே கவிழ்த்து வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் எனக்காக உபவாசம் இருந்தாள். அந்தச் சட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். அது அன்பா, கோபமா... இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காது ஊசியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஃபோனில் எங்கேயோ பார்த்தாளாம். காதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மயிர் போன்ற சின்ன ஊசியைக் குத்தி, மேலே பிளாஸ்டர் ஒட்டி, சில வாரம் அப்படியே விட்டால் இந்த ஒவ்வாமை போய்விடுகிறது என்று அமெரிக்காவில் பலர் சொல்கிறார்களாம். ஒனஹங்காவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைச் செய்கிறார் என்றும் அறிந்து வைத்திருந்தாள்.

"காசுக்குக் கேடு" என்றேன்.

"ஒரு ஊசிதானே. எனக்காகக் குத்துங்கோவன்."

குத்தினேன்.

அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பொறுமையாகக் கதைத்தார். சிலருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது என்றார். கழற்றின பிறகு நீங்களாக எதையும் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள், முதலில் டொக்டரிடம் கேளுங்கள், அவசர ஊசியை விட்டுவிடாதீர்கள் என்றார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். இடது காதில் ஊசி ஏறியபோது எறும்பு கடித்தது போல இருந்தது. வேர்ஹவுஸில் பெடியன்கள் "எப்ப தோடு போடுறியள்?" என்று கேட்டார்கள். வாரங்கள் போயின. ஊசியைக் கழற்றினார்.

டொக்டரிடம் நான் கேட்கவில்லை.

ஒரு காலை வேலைக்குப் போகும் வழியில் டெய்ரி என்கிற மூலைக்கடையில், மாவுக்குள் மாட்டிறைச்சி வைத்துச் சுட்ட பை ஒன்று வாங்கினேன். காருக்குள் இருந்து பாதி சாப்பிட்டேன். எத்தனை காலத்துக்குப் பிறகு... அந்த ருசியில் கண் கலங்கிவிட்டது. ஃபோர்க்லிஃப்டில் ஏறினேன். ஒன்றும் இல்லை. தேத்தண்ணி இடைவேளை வந்தது. ஒன்றும் இல்லை. சுகம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். புளோராவுக்கு ஃபோன் எடுத்து, "சாப்பிட்டுப் பாத்தனான், ஒண்டும் செய்யேல்லை" என்றேன். என் வாழ்க்கையில் நானாக எடுத்து நல்ல செய்தி சொன்னது அன்றைக்குத்தான்.

மத்தியானம் தாண்டியதும் உள்ளங்கை அரித்துக் கடித்தது. பிறகு வயிறு, முதுகு, தொடை. கழிவறையில் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். திட்டுத் திட்டாகச் சிவந்து கிடந்தது. அலர்ஜிக் குளிசை போட்டேன். சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வேலையை முடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது புளோரா கதிரையில் ஏறி நின்று, அலுமாரிக்கு மேலிருந்த சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். தூசு அவள் தலையில் கொட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"இஞ்சேருங்கோ, உண்மையா? இப்பவும் ஒண்டும் இல்லையோ?"

சட்டைக்குள் என் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"ஓம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? எத்தனை முறை என்னைக் கேட்டிருப்பேன். அவள் முகத்துக்காகவா? அவள் இருந்த உபவாசத்துக்காகவா? அப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது. ஈயத்தாள் மூடிய கோழிக்கு நான் திரும்பிப் போக விரும்பவில்லை. வருத்தக்காரனாக, நோயாளியாக இருக்க விரும்பவில்லை. இரண்டும் கலந்துதான் அந்த ஓம். எவ்வளவு எது என்று கேட்காதீர்கள்.

ஒரு கிழமை கழித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திரும்ப வந்துவிட்டது என்று சொன்னால் போதும். பொய் என்றுகூட ஆகாது...

அதற்குள் விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது.

எங்கள் செபக்கூட்டம் சனிக்கிழமைகளில் நடக்கும். ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வீடு. செபம் முடிந்ததும் யாருக்காவது நன்மை நடந்திருந்தால் எழுந்து நின்று சாட்சி சொல்லுவார்கள். விசா கிடைத்தது, பிள்ளை சோதனை பாஸ், கட்டி கரைந்தது. சாட்சி முடிந்துதான் மத்தியானச் சாப்பாடு. அந்தக் கிழமை சவிரி அண்ணை வீடு. புளோரா எழுந்து அழுதழுது சொன்னாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ சொல்லு தம்பி. உன்ர வாயால" என்றார் சவிரி அண்ணை.

எழுந்தேன். "காதில ஊசி குத்தினனான். கடவுள் நல்லவர். இப்ப சாப்பிடுறன்" என்றேன். உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான். வாய் நிறையக் கதைக்கிற ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள். நான் சொன்னதால் நம்பினார்கள். கதைக்காதவன் பொய் சொல்ல மாட்டான் என்று எங்கள் ஆட்களுக்கு ஓர் எண்ணம். அது பிழை. கதைக்காதவனுக்குப் பொய் சொல்வது மிகவும் இலேசு. ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

சாப்பாட்டுக்கு முன் கழிவறைக்குப் போய் இரண்டு குளிசை விழுங்கினேன். சவிரி அண்ணை தன் கையால் மூளை எலும்பு ஒன்றைத் தேடி எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாப்பிட்டேன். அன்ரன் எனக்கு எதிரே இருந்தான். ஈயத்தாளை விலக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னேர வேலை இருக்கிறது என்று சொல்லிப் புளோராவை வீட்டில் இறக்கிவிட்டேன். நேராக ஒனஹங்காக் கடற்கரைப் பக்கம் போய்க் காரை நிறுத்தினேன். கடல் வற்றிச் சேறு தெரிந்தது. குளிசை அதைத் தடுக்கவில்லை. கண் வீங்கியது. வாந்தி எடுத்தேன். மூச்சு இழுத்தது. அவசர ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். குத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் தெரிந்துவிடும். குத்தாமல் இருந்தேன். கடல் திரும்ப ஏறுகிற நேரம் மூச்சுச் சரியாயிற்று.

அன்றைக்கு நான் செத்திருந்தால் அன்ரன் தப்பியிருப்பான். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டதைப் பெரிய காரியம் என்று அப்போது நினைத்தேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தேன். அன்ரன் என் காருக்குப் பக்கத்தில் நின்றான். அவனும் அதே வேர்ஹவுஸ்தான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"அண்ணை, சனிக்கிழமை சொன்னதை விடுங்கோ" என்றான். "அது சனத்துக்கு. எனக்குச் சொல்லுங்கோ. உண்மையாச் சுகமோ?"

நான் காரைத் திறந்தேன்.

"இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன். புளோரா அக்காவுக்குக்கூட. எனக்கு இது எப்படி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் சரியெண்டாத்தான் நானும் குத்துவன்."

பாருங்கள்... எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு தலையாட்டல் போதும். வாயைத் திறக்கக்கூடத் தேவையில்லை.

"ஓம்" என்றேன்.

புளோராவுக்குச் சொன்னதற்கு ஒரு காரணம் தேடிப் பிடிக்கலாம். கூட்டத்தில் சொன்னதற்கும் பிடிக்கலாம். இதற்கு ஒரு காரணமும் இல்லை. இவ்வளவு காலம் தேடிப் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் சொன்னதையே சொன்னேன், அவ்வளவுதான். ஒரே பாதையில் போகிற வண்டி மாதிரி.

அன்ரன் சிரித்தான். என் தோளில் ஒரு அடி வைத்தான். "அப்ப சரி. அந்த ஆட்டைத் திரும்ப எழுப்புவம்."

அவனும் ஊசி குத்தினான். அதே பெண்ணிடம்தான். அவர் என்னிடம் எப்படி இருக்கிறது என்று முன்னமே ஃபோனில் கேட்டிருந்தார். அவரிடமும் யெஸ் சொல்லியிருந்தேன். ஆகவே உங்கள் நண்பருக்கு நன்றாக வேலை செய்தது என்று அவரும் அவனிடம் சொன்னார். என் பொய் அவர் வாயில் போய் மருந்தாகி வந்தது.

இதற்கிடையில் புளோரா எனக்கு ஆசை ஆசையாய் இறைச்சி சமைத்தாள். வேலையில் சாப்பிடுகிறேன் என்று கட்டிக்கொண்டு போய்ப் பென்ரோஸில் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். அவள் கைச் சாப்பாட்டை. வெறும் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்து கொடுத்தேன். "எப்பிடி இருந்தது?" என்று கேட்பாள். நல்லம் என்பேன்.

அன்ரனின் ஊசியையும் கழற்றினார்கள். அவனும் டொக்டரிடம் கேட்கவில்லை. கேட்பானேன்? அவனுக்கு நான் இருந்தேன்.

அடுத்த மாதம் அவன் மகனுக்கு முதல் நன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிந்து மவுண்ட் ரொஸ்கிலில் அவன் வீட்டில் விருந்து. கராஜில் மேசை போட்டிருந்தார்கள். அன்ரனின் மனைவி ரெஜினா விடிய எழும்பி ஆட்டிறைச்சிக்கறி வைத்திருந்தாள். இந்த முறை ஈயத்தாள் மூடிய கோழி இல்லை. அன்ரன் கோப்பையோடு நடுவில் வந்து நின்றான். மத்தியானம் கடந்த நேரம். கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தான். இறைச்சித் துண்டைத் தூக்கி எனக்குக் காட்டினான்.

நான் தலையாட்டினேன்.

வாயில் போட்டான். கை தட்டினார்கள்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போனார்கள். புளோராவும் ஒரு வீட்டாரோடு போனாள். நான் போகவில்லை. கதிரை அடுக்க நிற்கிறேன் என்றேன். உண்மை என்ன தெரியுமா? அது எத்தனை மணித்தியாலம் கழித்து வரும் என்று என் உடம்புக்குத் தெரியும். அதற்காக நின்றேன். என் அவசர ஊசி என் காற்சட்டைப் பொக்கற்றில் இருந்தது. வராது, அவனுக்கு வராது என்று சொல்லிக்கொண்டே கதிரைகளை அடுக்கினேன். வாய் திறந்து, "அன்ரன், உன்ர ஊசி எங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொழுது சாயும்போது அவன் கையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனான். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டவில்லை. தட்டினால் ஏன் தட்டினாய் என்று கேட்பான். எனக்குத் தெரிந்திருந்தது என்று ஆகிவிடும்... இப்படி யோசித்துக்கொண்டு நின்றேன். அவன் அங்கே விழுந்து கிடந்தான்.

ரெஜினாதான் கூப்பிட்டுப் பார்த்துக் கத்தினாள். கதவை உடைத்தேன். முகம் நீலமாக இருந்தது. பொக்கற்றில் இருந்த ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினேன். அம்புலன்ஸ் வந்தது. நெஞ்சைப் பிடித்து அமுக்கினார்கள். நின்ற மூச்சு திரும்பி வந்தது. ஆனால் நேரம் போயிருந்தது. மூளைக்குக் காற்றுப் போகாத நேரம்.

அவனுடைய அவசர ஊசி மருந்து அலுமாரியில் பஞ்சுப் பெட்டிக்குப் பின்னால் கிடந்ததாம். சுகம் வந்தவனுக்கு அது எதற்கு?

நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இப்போது வீட்டில் இருக்கிறான். வலது கை எழும்பாது. சொற்கள் வரும், ஆனால் ஒவ்வொன்றாக, தேடித் தேடி. எழுத்து அவன் கண்ணுக்கு நிற்பதில்லை. ஃபோர்க்லிஃப்ட் இனி இல்லை. அந்தப் பகிடிகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

நீங்கள் நினைப்பீர்கள், அதற்குப் பிறகாவது உண்மை வெளியே வந்திருக்கும் என்று. வரவில்லை. எல்லாம் எனக்கு நல்ல பக்கமாகவே திரும்பியது. அதுதான் தாங்க முடியாதது.

என் பொக்கற்றில் ஊசி இருந்ததே, அது எப்படி என்று யாரும் சந்தேகப்படவில்லை. "கடவுள்தான் வைப்பிச்சிருக்கிறார்" என்றார் சவிரி அண்ணை. அன்ரனுக்கு விசுவாசம் கொஞ்சம் போதாமல் போய்விட்டது என்றும் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதே ஊசி, அதே பெண், ஒருவனுக்குச் சுகம், ஒருவனுக்கு இல்லை. வேறு என்னதான் சொல்வார்கள்?

நான் இறைச்சியைத் தொடுவதை நிறுத்தினேன். கட்டிக் கொடுத்ததை வேண்டாம் என்றேன். புளோரா என்னைப் பார்த்தாள்.

"அன்ரனுக்காகவோ?"

"ஓம்."

அவள் சட்டியைக் கழுவித் திரும்பவும் அலுமாரிக்கு மேலே வைத்தாள். கூட்டத்தில் போய்ச் சொன்னாள். தம்பி சாப்பிட முடியாததைத் தானும் தொடமாட்டாராம். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சவிரி அண்ணை எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு ஈயத்தாள் மூடிய கோழி வைக்கிறார்கள். உச்சுக்கொட்டுவதில்லை. கும்பிடாத குறைதான்.

ஞாயிறு தோறும் அன்ரன் வீட்டுக்குப் போவேன். சவரம் எடுத்துவிடுவேன். நடக்க வைப்பேன். அண்மையில் ஒரு ஞாயிறு, கன்னத்தில் நுரையோடு இருந்தவன் சொன்னான்.

"அண்ணை... திரும்ப... குத்துவம்."

"என்ன?"

"காது. ஊசி. நீங்கள்... கூட்டிப் போங்கோ. இந்த முறை... உங்களை மாதிரி... விசுவாசத்தோட."

கையில் இருந்த சவரக்கத்தியை வைத்தேன். எனக்குப் பின்னால் குசினிக்குள் ரெஜினா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவன் திரும்ப ஊசி குத்துவான். திரும்ப ஒரு துண்டை எடுத்து வாயில் போடுவான். இந்த முறை எழும்ப மாட்டான்.

"அன்ரன், எனக்குச் சுகம் வரேல்லை" என்றேன். "ஒரு நாளும் வரேல்லை. கூட்டத்தில சொன்னது பொய். உனக்குச் சொன்னதும் பொய்."

என்னைப் பார்த்தான். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறான் என்று நினைத்தேன். என்னை அடிக்கட்டும் என்று முகத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். அவன் உதடு கோணிக்கொண்டு சிரித்தது.

"எனக்கு... ஆறுதலுக்குச் சொல்லுறியள்" என்றான். இடது கையால் என் தோளைத் தட்டினான். "உங்களுக்குப்... பொய் சொல்ல... வராது அண்ணை."

திரும்பச் சொன்னேன். கடற்கரையில் வாந்தி எடுத்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தான். ஒரு பொய்யை நம்ப அவனுக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. உண்மைக்கு எத்தனை சொல் சொன்னாலும் போதவில்லை.

தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

நான் காருக்கு வந்தபோது ரெஜினா பின்னால் வந்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். அழவில்லை.

"அண்டைக்கு உங்கட பொக்கற்றில ஏன் அந்த ஊசி இருந்தது எண்டு நான் யோசிச்சனான்" என்றாள். "சுகம் வந்த மனுசன் ஏன் அதைக் கொண்டு திரியுறார் எண்டு. கேக்கப் பயமா இருந்தது. கேட்டா, நீங்கள் சொல்லிப்போடுவியள் எண்டு."

"ரெஜினா—"

"மன்னிப்புக் கேக்காதேங்கோ அண்ணை. தர என்னட்ட இல்லை."

கார்ச் சாவியைப் பொக்கற்றில் போட்டேன்.

"காது ஊசிக்கு நான் விடமாட்டன். டொக்டர் வேண்டாமெண்டவர் எண்டு சொல்லி மறிப்பன். அது என்ர பாடு. நீங்கள் இனி அவருக்கு இந்தக் கதையைச் சொல்லாதேங்கோ. புளோரா அக்காவுக்கும் சொல்லாதேங்கோ. அவ தாங்கமாட்டா, நாலு பேரிட்டைச் சொல்லி அழுவா, அது இஞ்ச வந்து சேரும்."

"அவனுக்கு உண்மை தெரிய வேணும்."

"ஆருக்கு வேணும்? உங்களுக்கோ அவருக்கோ?" குரலைத் தாழ்த்தினாள். "காலமை எழும்பினதும் இண்டைக்கு அண்ணை வருவாரோ எண்டுதான் கேக்கிறார். அவருக்கு மிச்சம் இருக்கிறது அவ்வளவுதான். அதையும் எடுத்துப்போடாதேங்கோ. ஞாயிறு வழமைபோல வாங்கோ."

போனாள். இரண்டு படி ஏறினவள் திரும்பினாள்.

"அவர் செத்திருந்தா என்ன செய்திருப்பியள்?"

எனக்குப் பதில் தெரியும். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அன்ரன் இதை வாசிக்க மாட்டான். உங்களில் யாருக்காவது காதில் அந்த ஊசி இருக்கலாம். அது வேலை செய்யுமா செய்யாதா என்று எனக்குத் தெரியாது. எனக்குச் செய்யவில்லை. செய்தது என்று ஒருவன் சொன்னால் அவன் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வாயில் எதையும் போடாதீர்கள். அதிகம் கதைக்காதவன் என்றால் இன்னும் கவனம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். சவரம் எடுக்கிறேன். ரெஜினா தேத்தண்ணி கொண்டு வந்து என் பக்கத்தில் வைக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. போகும் முன் செபம் சொல்ல வேண்டும் என்று அன்ரன் பிடிவாதம் பிடிப்பான். கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கையை மெதுவாகத் தூக்கி, ஊசி இருந்த என் இடது காதைத் தேடித் தொடுவான். அதிலிருந்து தனக்கும் கொஞ்சம் வரும் என்று நினைக்கிறான்.

நான் தலையை அசைக்காமல் வைத்திருப்பேன்.

"சுகம்தானே... அண்ணை?" என்று கேட்பான்.

ரெஜினா வாசலில் நிற்பாள்.

"ஓம்" என்பேன்.